உருக்காத காசு

சென்ற தைத் திங்களில் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் தாயார், பிரதிவாதி நான், நடுவர் என் மனைவி. வழக்குக்குரிய பொருள், கட்டைவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிதான ஒரு பொற்காசு. அதை உருக்கி, காது குத்தப் போகும் என் மகளுக்குத் தோடு செய்ய வேண்டும் என்பது தாயாரின் வாதம். உருக்கக் கூடாது என்பது என் வாதம். “ஏன் கூடாது?” என்று நடுவர் கேட்டபோது எனக்கு நா எழவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

என்னைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. சிங்கப்பூரில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலத்தில் பயின்றவன்; தமிழை வீட்டிலும் இத்தகைய ஏடுகளிலும் கற்றவன். என் அன்றாட அலுவல் எடையைச் சார்ந்தது. எந்த ஆள் எத்தனை குலை அறுத்தார், நிறுவையில் எவ்வளவு நின்றது, அதற்குக் கூலி என்ன என்று செக்ரோலில் ஏற்றுவதே என் பிழைப்பு. மாலையில் கணக்கை மூடும்போது, காலைப் பெரட்டில் என் முன் நின்ற மனிதர் அனைவரும் எண்களாக மாறியிருப்பர். இதைக் குறையாகக் கூறவில்லை. கணக்கு என்றால் அப்படித்தான். ஆயினும் எடையோடு பழகியவன் எதையும் எடையாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

அக்காசை நான் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சிங்கப்பூரில் என் பள்ளிக்குச் செல்லும் வழியில் பழைய நாணயங்கள் விற்கும் சிறு கடை ஒன்று இருந்தது. சீனப் பெரியவர் ஒருவர் அதை நடத்தி வந்தார். மாணவனாயிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தே ஆசை தீர்த்துக்கொண்டவன் நான். வேலைக்கு வந்து, கணிசமான போனஸ் கிடைத்த முதல் ஆண்டில் நேரே அக்கடைக்குச் சென்று, அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட இரண்டரை டாலர்ப் பொற்காசு ஒன்றை வாங்கினேன். ஊர் திரும்பி, “அம்மா, இஃது இரண்டரை வெள்ளிக் காசு” என்று காட்டினேன். டாலரானாலும் ரிங்கிட்டானாலும் நம் வழக்கில் வெள்ளிதானே? “பொன்னைக் காட்டி வெள்ளி என்கிறாயே, படித்த பிள்ளை!” என்று தாயார் நகைத்தார்.

அமெரிக்கர் தம் பொற்காசுக்குக் கழுகு என்று பெயரிட்டனர். 1792 ஏப்ரல் 2-ஆம் நாள் இயற்றிய நாணயச் சட்டப்படி பத்து டாலர்க் காசு ஒரு கழுகு. ஐந்து டாலர் அரைக் கழுகு. இரண்டரை டாலர் காற் கழுகு. 1795-இல் பிலடெல்பியா தங்கசாலையில் முதற் பொற்காசுகள் அடிக்கப்பட்டன. 1848 ஜனவரி 24-இல் கலிபோர்னியாவில் ஒரு மர அறுவை ஆலையின் கால்வாயில் பொன் தென்பட்டது. அதன் பின் பாய்ந்த பொன் வெள்ளத்துக்கு இருந்த காசுகள் போதாமல், 1849-இல் இயற்றிய சட்டத்தால் ஒரு டாலர்ப் பொற்காசும் இருபது டாலர் இரட்டைக் கழுகும் பிறந்தன. இரட்டைக் கழுகின் நிறை 33.4 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்கு மேல். என்னிடமுள்ள காற் கழுகோ 4.18 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மிகுதி. பத்தில் ஒன்பது பங்கு பொன். எஞ்சிய பங்கு செம்பு. ஆதலால் நம் வீட்டு நகைகளைவிடச் சற்றே சிவந்து தோன்றும்.

பவுன் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பவுன், சவரன் என்பவை நம்மிடம் இன்று எடையின் பெயர்கள். ஆனால் அவை பிரிட்டிஷ் நாணயத்தின் பெயர்களாகவே நம்மிடம் வந்தன. ஏறத்தாழ எட்டுக் கிராம் நிறையுள்ள சவரன் காசு நம் பாட்டிமார் கழுத்தில் காசுமாலையாயிற்று. பின்னர்க் காசு மறைந்து எடை மட்டும் நின்றது. அக்காசில் எவருடைய தலை இருந்தது, அவர் நம்மை என்ன செய்தார் என்று எவரும் கேட்டதாக நான் அறியேன். மாற்று என்ன, நிறை என்ன என்ற இரண்டே கேள்விகளோடு பத்தர் பட்டறையில் முடிந்துவிட்டது அதன் சரித்திரம்.

நிற்க. காற் கழுகு திரட்டுவோருக்கு என் காசின் வகை மிகவும் உகந்தது. 1908 முதல் 1915 வரையிலும், பிறகு 1925 முதல் 1929 வரையிலும் அடிக்கப்பட்ட இவ்வகையில், ஆண்டும் தங்கசாலையும் கொண்டு எண்ணினால் மொத்தம் பதினைந்தே காசுகள். பதினைந்தும் சேர்ந்தால் தொகுதி நிறைவுறும். பதினான்கை வசதியுள்ளவர் பொறுமையோடு தேடிப் பெறலாம். இடிப்பது 1911-இல் டென்வரில் அடித்தது. அஃது 55,680 மட்டுமே. டென்வர்க் காசில் கழுகு நிற்கும் அம்புகளின் அருகே ‘டி’ என்ற சிறு எழுத்து இருக்கும். அவ்வெழுத்தைப் பிலடெல்பியாக் காசில் ஒட்டவைத்து ஏமாற்றுவோர் உண்டு. ஆதலால் உருப்பெருக்கிக் கண்ணாடியும், நுண்ணிய தராசும், ஐயம் கொள்ளும் மனமும் இன்றி எவரும் இத்துறையில் இறங்கலாகாது.

பதினைந்தையும் சேர்ப்பேன் என்று எண்ணித்தான் முதற் காசை வாங்கினேன். வாங்கிய மறுவாரமே பெரும் பிழை ஒன்று செய்தேன். பொதுவாகக் காசில் உருவம் தளத்துக்குமேல் புடைத்து நிற்கும்; இவ்வகையிலோ உருவம் தளத்துக்குள் குழித்து வைக்கப்பட்டுள்ளது. குழிவுகளில் கருமையாக ஏதோ படிந்திருந்தது. நம் வீட்டில் பித்தளையும் செம்பும் துலக்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு வேறென்ன தோன்றும்? புளியைக் கரைத்தேன், பல் தேய்க்கும் பிரஷை எடுத்தேன், தேய்த்தேன். காசு புதுமணப் பெண்ணைப் போல மின்னியது. அடுத்த முறை சிங்கப்பூர் சென்றபோது பெருமையோடு அச்சீனப் பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “பொன் குறையவில்லை, தம்பி. காசுதான் குறைந்துவிட்டது.”

திரட்டுவோர் காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டு மதிப்பர்; வில்லியம் ஷெல்டன் என்பார் 1949-இல் செப்புக் காசுகளுக்காக வகுத்த முறை அது. தங்கசாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த மேற்றோலைக் காலம் மெல்ல மாற்றினால் அதை மன்னிப்பர். மனிதன் தேய்த்து மாற்றினால் மன்னிக்கமாட்டார். பிரஷின் மயிர்கள் இழுத்த நுண்கோடுகள் ஆயிரம் என் காசின்மேல் உள்ளன. அன்று முதல் அதன் விலை, அதிலுள்ள பொன்னின் விலையோடு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது.

தாயாரின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறு வேண்டுமா? “விற்றாலும் பொன் விலைதான், உருக்கினாலும் பொன் விலைதான் என்று நீயே சொன்னாயே, ஐயா. பெட்டியில் கிடப்பது பிள்ளை காதில் கிடக்கட்டுமே” என்றார். என் மனைவியும், “அத்தை சொல்வது சரிதானேங்க?” என்றாள். விலை என்ற காரணத்தை நானே புளியில் கரைத்துவிட்டேன். வேறு காரணம் இருந்தால் அதைக் காட்டியாக வேண்டும்.

நூல்களைப் புரட்டலானேன். முதலில் கண்ட உண்மை இது: பழைய அமெரிக்கப் பொற்காசு அரிதாவது, அடித்தது குறைவு என்பதால் மட்டும் அன்று, உருக்கியது மிகுதி என்பதாலும் ஆகும். 1822-இல் பிலடெல்பியாவில் அடித்த அரைக் கழுகுகள் 17,796 என்பது கணக்கு. இன்று எஞ்சியவை மூன்றே. பதினைந்து பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு பொன் என்று அமெரிக்கச் சட்டம் வகுத்திருந்தது. ஐரோப்பாவிலோ பொன்னுக்கு அதைவிட மதிப்பு அதிகம். எனவே வணிகர் காசுகளைக் கப்பலேற்றி அங்கே உருக்கினர். 1834-இல் காசிலுள்ள பொன்னைக் குறைத்த பின்னரே அவ்வழக்கம் நின்றது. எஞ்சிய மூன்றில் இரண்டு ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் உள்ளன. மூன்றாவது 2021 மார்ச்சில் 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

அதனினும் பெரிய உருக்கம் 1933-இல் தொடங்கியது. பொருளாதார மந்தத்தில் நாடு திணறிக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 5-ஆம் நாள் ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளையும் பொற்கட்டிகளையும் மே 1-ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட் தரப்படும். ஒளித்து வைத்தால் பத்தாயிரம் டாலர் வரை அபராதம் அல்லது பத்தாண்டு வரை சிறை. நூறு டாலர் அளவுக்குப் பொன் வைத்துக்கொள்ளலாம். திரட்டுவோர் சிறப்பாக மதிக்கும் அரிய காசுகளுக்கும் விலக்கு உண்டு. அடுத்த ஆண்டே பொன்னின் விலை 35 டாலராக உயர்த்தப்பட்டது. வந்து குவிந்த காசுகள் கட்டிகளாக உருக்கப்பட்டன. 1974 டிசம்பர் 31 வரை அமெரிக்கர் தம் விருப்பம்போல் பொன் வைத்துக்கொள்ள இயலவில்லை.

அவ்வாண்டிலேயே அடித்த இரட்டைக் கழுகுகள் 4,45,500. அவை மக்கள் கைக்கே வராமல் உலைக்குப் போயின. எவ்வாறோ தப்பிய சிலவற்றுள் ஒன்று எகிப்து மன்னர் பரூக்கிடம் சேர்ந்தது. பல்லாண்டு மறைந்திருந்து, 1996-இல் நியூயார்க்கில் அரசாங்கத்தின் கையில் சிக்கி, நெடிய வழக்குக்குப் பின் தனியார் வைத்திருக்கச் சட்டம் இசைந்த ஒரே காசாயிற்று. 2021 ஜூனில் அதன் விலை ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டாலர். இச்செய்திகள் சுவையானவையே. ஆயினும் என்னைத் தடுத்து நிறுத்தியது இவற்றுள் எதுவும் அன்று. 1933 டிசம்பரில் கருவூலச் செயலாளர் வெளியிட்ட ஆணையில் என் காசின் பெயரையே கண்டேன். இரண்டரை டாலர்க் காசைத் தனியாக வைத்திருக்கலாகாது. அரிய காசுகளோடு ஒரு தொகுதியாக வைப்பவர், ஒரே ஆண்டும் ஒரே வடிவும் ஒரே தங்கசாலையுமான நான்குக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஒரு வல்லரசின் உலைக்குத் தப்பி வந்த சிறு காசை எங்கள் ஊர்ப் பத்தர் உலையில் இடுவதா? இதைச் சொன்னபோது தாயார், “தப்பி வந்ததெல்லாம் சரி. எதற்காகத் தப்பி வந்தது?” என்றார்.

கல்லாதவர் என்று நாம் எண்ணுவோர் கேட்கும் கேள்விகளே கடினமானவை. அன்றிரவுதான் நான் முதன்முறையாக அக்காசின் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகள் அதன் கீறல்களையும் ஆண்டையும் எழுத்தையும் பார்த்திருந்தேன், முகத்தைப் பார்த்ததில்லை.

பழைய கழுகுகளில் கிரேக்கச் சிலை போன்ற ஒரு மங்கையின் தலையே இருக்கும். சுதந்திரத்தின் உருவம் என்பர். என் காசில் இருப்பதோ இறகுத் தலைப்பாகை அணிந்த ஓர் அமெரிக்கப் பூர்வகுடி ஆடவரின் முகம். பள்ளியில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அவர்களுள் ஒருவர். பாஸ்டன் நகர மருத்துவரும் கலைப்பொருள் திரட்டுபவருமான வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகிலோ என்பார், எகிப்தியச் சிற்பங்களில் உள்ளதுபோல உருவத்தைக் குழித்து அமைக்கலாம் என்று தம் நண்பரான ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு யோசனை கூறினார். சிற்பி பெலா லயன் பிராட் அதைச் செய்து முடித்தார். 1908-இல் காசு வெளிவந்தது. உடனே பிலடெல்பியா நாணய வணிகரான சாமுவேல் சாப்மன் ஜனாதிபதிக்குக் கண்டனம் எழுதினார். குழிவுகளில் அழுக்குச் சேரும், நோய் பரவும், எளிதாகப் போலி செய்வர் என்றதோடு, இந்த இந்தியர் மெலிந்து நோயாளிபோல் தோன்றுகிறார் என்றும் எழுதினார். முகம் அண்மையில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது, அதற்குரியவர் நல்ல உடல்நலம் உள்ளவர் என்று பிகிலோ விடையிறுத்தார்.

புளி கரைத்து அழுக்கெடுத்த என் கை இதைப் படித்தபோது கூசியது. அம்முகத்தில் எல்லாரும் அழுக்கைத்தான் முதலில் தேடினோம் போலும்! காசின்மேல் சிற்பியின் பெயரெழுத்துகள் மூன்று உள்ளன. முகத்துக்குரியவரின் பெயர் இல்லை. தலைக்கு மேலே ‘லிபர்ட்டி’, அதாவது சுதந்திரம் என்று பொறித்திருக்கிறது. பூர்வகுடியினர் அனைவரையும் அமெரிக்கா தன் குடிமக்களாக ஏற்ற சட்டம் 1924-இல்தான் பிறந்தது. என் காசு அதற்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. குடியுரிமை தர மனமில்லாத நாடு முகத்தை மட்டும் பொன்னில் பதித்துக்கொண்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றேன். ஜார்ஜியா மாகாண மலைப்பகுதியில் 1829 வாக்கில் பொன் வேட்டை மூண்டது. அது செரோக்கி மக்களின் நிலம். ஜார்ஜியா அந்நிலத்தைத் துண்டு துண்டாக்கி, 1832-இல் சீட்டுக் குலுக்கி வெள்ளையருக்கு வழங்கியது. செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அதே ஆண்டில் நாட்டின் உச்சநீதி மன்றமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் நின்றது. 1838-இல் படைவீரர் அம்மக்களை வீடு வீடாகத் திரட்டினர். ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே நெடுந்தொலைவு துரத்தப்பட்டனர். நோயாலும் பசியாலும் குளிராலும் மாண்டவர் 4,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுவர். கண்ணீர்ப் பாதை என்று சரித்திரம் அதை அழைக்கிறது.

அதே 1838-ஆம் ஆண்டில், அதே மலைப்பகுதியில், டலோனகா என்னும் ஊரில் அரசாங்கத்தின் தங்கசாலை காசு அடிக்கத் தொடங்கியது. அங்கு அடித்த அரைக் கழுகில் மங்கையின் தலைப்பட்டையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சுதந்திரம்! டலோனகா என்ற பெயரோ மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் செரோக்கிச் சொல்லிலிருந்து வந்தது. மக்களை விரட்டிவிட்டார்கள், அவர்கள் பொன்னுக்கு வைத்த பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்று டலோனகாக் காசு என்றால் திரட்டுவோர் போட்டியிட்டு வாங்குகின்றனர். வாங்கட்டும். ஆனால் அந்த ஆண்டையும் ஊரையும் ஒருசேரப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இதை ஒரு மாலையில் தாயாருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். எங்களுக்கும் ஒரு தோட்டம் இருந்தது. என் தாயார் இருபது ஆண்டுகள் அங்கே மரம் சீவினார். எனக்கு ஒன்பது வயதானபோது தோட்டம் விற்கப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன. நாங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினோம். எங்களை எவரும் துப்பாக்கி காட்டித் துரத்தவில்லை. பாதையில் எவரும் மாளவில்லை. செரோக்கியர் பட்டதோடு அதை ஒப்பிடுவது பெரும் பிழை. ஆயினும் அவ்விடத்தில் எழுந்த தாமானுக்கு இன்றும் எங்கள் தோட்டத்தின் பெயர்தான். ஆள் போய்ப் பெயர் நிற்பது என்னவென்று தாயாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது அவர் சொன்ன ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். “அன்றைக்கு என் மூன்று பவுன் சங்கிலியை விற்றுத்தான் வாடகை வீடு பார்த்தோம். மிச்சத்தில்தான் உன்னை மாமா வீட்டுக்கு அனுப்பினேன். பொன்னை எடைபோட்டதால்தான், ஐயா, நீ இதையெல்லாம் படிக்கிறாய்.” எடையை இகழ எனக்கு உரிமையில்லை என்பதை அன்று உணர்ந்தேன். ஏழையின் பொன், இடர் வந்தால் கரைவதற்கென்றே சேர்ப்பது. அதைப் பெட்டியில் பூட்டிச் சரித்திரம் பேசுவது, பிள்ளையின் காது வெறுமையாயிருக்கும் வீட்டில், ஒருவகைச் செருக்கே ஆகும்.

ஆதலால் இரண்டாவது காசு வாங்குவதற்கென்று நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் ஒதுக்கிவந்த பணத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். மகளுக்குத் தோடு வந்தது. பதினைந்து காசுத் தொகுதி ஒரே காசோடு நின்றுவிட்டது. எஞ்சிய பதினான்கு குழிகளோடு அப்பெட்டி இன்றும் அலமாரியில் இருக்கிறது. வருத்தம் சிறிதும் இல்லை என்று சொன்னால் அது பொய்.

தோடு வந்த அன்று தாயார் அந்தக் காசைக் கேட்டு வாங்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “இவர் ஆட்களைத்தான் ஊரைவிட்டு அனுப்பினார்களா?” என்றார். “இவர் எந்தக் குலத்தவர் என்று காசில் எழுதவில்லை, அம்மா, ஆனால் அந்நாட்டின் பூர்வகுடிகள் பலருக்கும் அதுதான் நேர்ந்தது” என்றேன். “இருக்கட்டும், உள்ளே வை” என்று திருப்பித் தந்தார். வழக்கு அவ்வாறு முடிந்தது. தீர்ப்பு யார் பக்கம் என்று நடுவர் இதுவரை சொல்லவில்லை.

அன்பர்களே! பொற்காசு திரட்டுங்கள் என்று உங்களுக்குக் கூற வரவில்லை. அது நம்மில் பலருக்கு இயலாது, கட்டாயமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் பழைய காசு ஒன்று, சவரனோ செப்புக் காசோ, எங்கேனும் கிடந்தால் பத்தரிடம் கொண்டுபோகுமுன் ஒரு நாள் பொறுங்கள். புளி போட்டுத் துலக்காதீர்கள். ஆண்டைப் படியுங்கள், முகத்தைப் பாருங்கள், அந்த ஆண்டில் அந்த முகத்தின் பேரால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு உருக்க வேண்டிய இடர் இருந்தால் உருக்குங்கள்; குற்றமில்லை.

நான் மறுநாள் காலைப் பெரட்டுக்குச் சென்றபோது ஆட்கள் வழக்கம்போல் வரிசையாக நின்றனர். எண்ணைச் சொல்லி அழைப்பது என் வழக்கம். அன்று பெயரைச் சொல்லி அழைத்தேன். சற்று நேரம் கூடுதலாயிற்று. கணக்கில் பிழை ஒன்றும் நேரவில்லை.